பதினாறு நிமிடம்

அலுவலகச் சுவரில் தொங்கிய காலண்டரையும் போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளையும் துப்பறிவாளர் ஹெஸ்டர் வேன் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது இருபத்தேழு செய்தித்தாள் துண்டுகள். ஒட்டியது அவருடைய உதவியாளன் டட்டன். அவன் விரலெல்லாம் பசை.

"இன்னும் நாலு பத்திரிகை எழுதினா ஜன்னலையும் மூடிட வேண்டியதுதான், மேடம்."

"மூடிடு. வெளியே மழைதானே."

வில்ட்ஷர் பக்கத்து மார்ச் மாத மழை அப்படித்தான், பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. அது 1999ஆம் வருஷம். மூன்று வாரங்களுக்கு முன் 'சண்டே மெசஞ்சர்' என்ற பத்திரிகை முதல் பக்கத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தது. பிப்ரவரி மூன்றாம் தேதி யாரோ கம்ப்யூட்டர் திருடர்கள் ராணுவத்தின் செயற்கைக்கோள் ஒன்றுக்குள் புகுந்து அதைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்களாம். அதைக் கட்டுப்படுத்தும் ஆஷ்கோம்ப் தரைநிலையத்தில் அப்போது பணியில் இருந்த ஆபரேட்டர், 'இருபத்திநாலு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்', பதினாறு நிமிடம் பதிலே கொடுக்கவில்லையாம். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஆஷ்கோம்ப் ஒரு கைக்குட்டை அளவு ஊர். அங்கே இருபத்திநாலு வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர் லெஸ்லி பிராம்வெல் ஒருவர்தான்.

ஊர் சொன்னது, அந்த ஆள் தூங்கிவிட்டான் என்று. மேலிடத்துக்கு அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று தெரியும், பகிரங்கமாக மறுத்தும் பார்த்தார்கள். மறுக்க மறுக்க, எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று ஜனங்கள் அடித்துச் சொன்னார்கள். அந்த எரிச்சலில் மேலிடம், லெஸ்லிதான் குடித்துவிட்டுப் பத்திரிகைக்காரனிடம் உளறியிருக்க வேண்டும் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. திங்கட்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், அதோடு குவார்ட்டர்ஸ் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கேட்ட கேள்வி எதற்கும் லெஸ்லி வாயைத் திறக்கவில்லை. அவருடைய மனைவி டோரீன்தான் ஈரக் குடையோடு ஹெஸ்டரைத் தேடி வந்து, அவர் தூங்கவும் இல்லை, உளறவும் இல்லை, அதை நீங்கள்தான் நிரூபித்துத் தர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். அழவில்லை. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே உட்கார்ந்திருந்தார். டட்டனுக்கு அந்தக் கை கண்ணிலேயே நின்றது.

இன்று வியாழக்கிழமை.

ஹெஸ்டர் துண்டுகளைத் தேதிவாரியாகப் படித்துக்கொண்டே சுவரோரம் நடந்தார். ஞாயிற்றுக்கிழமைச் செய்தியில் ஒரு செயற்கைக்கோள். திங்களன்று ஒரு செய்தி நிறுவனம் அதை எடுத்துப் போட்டபோது, அது பாதையை விட்டு நகர்த்தப்பட்டிருந்தது. புதனன்று திருடர்கள் பிணைத்தொகை கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார்கள். வெள்ளியன்று அமெரிக்க நிபுணர் ஒருவர் டி.வி.யில் தோன்றி, மொத்தம் நாலு செயற்கைக்கோள்கள் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு பிரிட்டிஷ் பத்திரிகைகளைப் பாருங்கள் என்றார். அடுத்த ஞாயிறு மெசஞ்சர் மறுபடியும் எழுதியது: 'நாங்கள் சொன்னதை அமெரிக்க நிபுணரே உறுதி செய்துவிட்டார்.'

"இவன் அவன் முதுகைச் சொறியறான், அவன் இவன் முதுகைச் சொறியறான்" என்றான் டட்டன். "வாய்க்கு வாய் ஒரு சேட்டிலைட் குட்டி போட்டிருக்கு மேடம். அடுத்த வாரம் நிலாவையே கடத்திடுவானுங்க."

"எல்லாம் வளர்ந்திருக்கு. வளராம நிக்கிறது எது, பாரு."

டட்டன் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். ஒன்று நாலாகியிருந்தது, திருடர்கள் கும்பலாகியிருந்தார்கள், கும்பல் வெளிநாட்டுச் சதியாகியிருந்தது. ஆனால் இருபத்தேழு துண்டிலும் பதினாறு நிமிடம் பதினாறு நிமிடமாகவே இருந்தது.

"கதை கட்டறவன் கால் மணி நேரம்பான், ஒரு மணி நேரம்பான்" என்றார் ஹெஸ்டர். "பதினாறுன்னு எவனும் கட்ட மாட்டான். அது ஏதோ ஒரு தாள்ல எழுதியிருக்கு. அந்தத் தாள் மெசஞ்சர்காரன் கையில இருக்கு. கோட்டை மாட்டு."

*

மெசஞ்சர் நிருபர் கிளைவ் ஹார்ட்னெல், லண்டனில் ரயிலடிக்கு எதிரே இருந்த மதுக்கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தான். ரயிலில் வரும்போதே ஹெஸ்டர் டட்டனிடம் சொல்லி வைத்திருந்தார், அவனிடம் கெஞ்சக் கூடாது, சீண்டினால் போதும் என்று. அந்த வேலைக்கு டட்டனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

"உங்க கதையைப் படிச்சேன் சார். நல்லா இருந்துச்சு. எத்தனை கிளாஸுக்கு அப்புறம் எழுதினது?"

ஹார்ட்னெலின் காது சிவந்தது. மூன்று வாரமாகப் போட்டிப் பத்திரிகைக்காரர்கள் அவனை இதே கேள்வியால் குத்திக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபேக்ஸ் தாளை உருவினான். மேல் ஓரத்தை, அதாவது எங்கிருந்து வந்தது என்று மெஷின் அச்சடிக்கும் வரியை, பின்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டு ஹெஸ்டரின் மூக்குக்கு நேரே நீட்டினான். தொடக் கூடாது, படித்துக்கொள்ளலாம் என்றான்.

ஹெஸ்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். டட்டன் மீனுக்குக் கடுகு சாஸ் வாங்கி வருகிறேன் என்று எழுந்து, ஹார்ட்னெலின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'நாள் 3. நேரம் 02.10. அடையாளம் தெரியாத நபர்கள் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுந்துள்ளனர். செயற்கைக்கோளுடன் தொடர்பு இல்லை. பணியில் இருந்த மூத்த ஆபரேட்டர் (24 வருட சேவை) எல். பிராம்வெல் 16 நிமிடம் பதில் தரவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை.'

பிணைத்தொகையும் இல்லை, பாதை மாற்றமும் இல்லை. யார் அனுப்பியது என்று ஹெஸ்டர் கேட்டதற்கு ஹார்ட்னெல் சிரித்தான். எப்போது வந்தது என்று கேட்டார். ஆசிரியர் மேசையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததாம், பிப்ரவரிக் கடைசியில்தான் அவன் கண்ணில் பட்டதாம். நாள் மூன்று என்றால் பிப்ரவரி மூன்றுதானே, வேறென்ன என்றான். சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மீனில் கை வைத்தான். தாளில் பெயர் இருந்த அந்த மனுஷனுக்கு ஒரு குடும்பம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

*

ஊர் திரும்பும் ரயிலில் ஹெஸ்டர் கேட்டார், "கடுகு எங்கே?"

"கடுகா முக்கியம்? மடிச்ச ஓரம் என் பக்கம் பல்லைக் காட்டிச்சு மேடம். தலைகீழாதான். பதினோரு வருஷம் பத்திரிகை ஆபீஸ்ல அச்சுக் கோத்தவன் நான். எனக்குத் தலைகீழா இருந்தாத்தான் சுலபம்."

அந்த வேலையைக் கம்ப்யூட்டர் வந்து பிடுங்கிக்கொண்ட பிறகுதான் அவன் ஹெஸ்டரிடம் சேர்ந்தான். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

"என்ன போட்டிருந்துச்சு?"

"'வெஸ்டன் டாக்ஸி, ஆஷ்கோம்ப்.' தேதி, ஜனவரி இருபத்திரண்டு."

ஹெஸ்டர் விரல் விட்டு எண்ணினார். பிப்ரவரி மூன்றாம் தேதி நடந்த சம்பவத்தை ஒரு டாக்ஸிக்காரர் பன்னிரண்டு நாள் முன்னாலேயே ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறார். ஹார்ட்னெல் அந்த ஓரத்தை ஊருக்கு மறைப்பதிலேயே குறியாக இருந்தானே ஒழிய, தான் ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு" என்றார் ஹெஸ்டர். "தாள் முழுக்க மணல் தூவின மாதிரி புள்ளி. வெள்ளைத் தாளை அனுப்பினா அப்படி வராது. மூலத் தாள்ல கலர் இருந்திருக்கு. எந்த ஆபீஸ்ல அவசரச் செய்தியைக் கலர்த் தாள்ல எழுதுவாங்க?"

டட்டனின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. பதினெட்டு வயதில் அவன் மூன்று வருஷம் ராணுவத்தில் சிக்னல் பிரிவு குமாஸ்தா. வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடக்கும். இல்லாத எதிரி, இல்லாத குண்டு, செத்துப்போனதாக நடிக்கும் கர்னல். அந்த ஒரு வாரமும் செய்திகளையெல்லாம் மஞ்சள் தாளில்தான் எழுத வேண்டும். தேதி கிடையாது, நாள் ஒன்று, நாள் இரண்டு என்றுதான். ஒத்திகை என்று தாளில் யாரும் எழுத மாட்டார்கள். மஞ்சளைப் பார்த்தாலே உள்ளே இருப்பவனுக்குத் தெரியும், எழுதுவானேன் என்று விட்டுவிடுவார்கள்.

"வெளிய இருக்கறவனுக்கு அது வெறும் மஞ்சள்" என்றான் டட்டன். "ஃபேக்ஸ் மெஷினுக்கு அதுகூட இல்ல. நாடகம் மேடம். வெறும் நாடகம். உலகமே இதை நம்பிட்டு உக்காந்திருக்கு."

கேஸ் முடிந்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம். ஹெஸ்டர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, டாக்ஸி கம்பெனிக்கு அந்தத் தாள் எப்படிப் போயிற்று என்று முணுமுணுத்தார்.

*

வெஸ்டன் டாக்ஸி என்பது ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. ஒரு டெலிபோன், ஒரு ஃபேக்ஸ் மெஷின், பெரிய உடம்போடு ரெக் வெஸ்டன். சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. மாப்பிள்ளை லெஸ்லி பிராம்வெல். தலைமுடி நிறைய இருந்தது. மணப்பெண்ணின் கையைப் பிடித்து நடத்தி வருவது இதே ரெக்.

டட்டன் ஒரு ஜோக்கை ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டான்.

ரெக் மறைக்கவில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி பேசினான். ஜனவரியில் ஒருநாள் மத்தியானம் அவன் தங்கை டோரீன் மூச்சிரைக்க வந்தாளாம். சலவைக்குப் போட எடுத்த புருஷனின் கோட்டுப் பையில் ஒரு மஞ்சள் தாள். அதில் அவர் பெயரும் ஒழுங்கு நடவடிக்கையும். வேலை போகப் போகிறது, வீடு போகப் போகிறது, மனுஷன் தன்னிடம் மறைக்கிறார் என்று நடுங்கினாளாம். தெரிந்த வக்கீலிடம் கேட்டுச் சொல் என்று அண்ணன் கையில் கொடுத்தாள். ரெக் அதை வக்கீலுக்கு ஃபேக்ஸ் பண்ணினான். தாளை அவள் வாங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

"பத்திரிகைக்கு அனுப்பினது நான்" என்றான் ரெக். "தங்கச்சிக்குத் தெரியாது. அவ போனப்புறமும் மெஷின் மெமரியில பிரதி இருந்துச்சு. இருபத்திநாலு வருஷம் உழைச்சவனை இவனுங்க பலிகடா ஆக்கப் பாக்கறானுங்கன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. பேப்பர்ல வந்தா ஊர் நம்ம லெஸ் பக்கம் நிக்கும்னு நினைச்சேன்."

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார் ஹெஸ்டர்.

ரெக் அவரை விநோதமாகப் பார்த்தான். "அந்த வீட்ல ஆபீஸ் பேச்சு கிடையாதுங்க. நிலையத்துல வேலை பாக்கறவன் வீடு எதுலயும் கிடையாது. கல்யாணம் ஆன முதல் வாரமே சொல்லிடுவாங்க. நாங்க கேட்டதே இல்ல."

அது ஒத்திகைத் தாள் என்று டட்டன் சொன்னான். ரெக்குக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் டெலிபோன் அடித்தது. எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

*

குவார்ட்டர்ஸ் சமையலறையில் லெஸ்லி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். டோரீன் தேநீர் ஊற்றினார். அந்த அம்மாளின் கேஸ் இது, முடிவை முதலில் கேட்க வேண்டியதும் அவர்தான் என்று ஹெஸ்டர் நேரடியாக ஆரம்பித்தார். செயற்கைக்கோள் நகரவில்லை. யாரும் உள்ளே புகவில்லை. உங்கள் கணவர் தூங்கவில்லை. அந்த மஞ்சள் தாள் ஒத்திகைக்கு எழுதினது. அப்புறம், தாள் எந்த வழியாக வெளியே போயிற்று என்பதையும் சொன்னார்.

டோரீன் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"எனக்குள்ள தெரிஞ்சிருந்துச்சு" என்றார் டோரீன். "பதினாறு நிமிஷம்னு பேப்பர்ல பாத்தப்பவே. நான் பாத்த தாள்ல சதியும் இல்ல, கடத்தலும் இல்ல, அதனால இது வேற எதோன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். வெளிய விட்டது வேற யாராவதுன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட மாட்டீங்களான்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

லெஸ்லி கத்தியைக் கீழே வைக்கவில்லை. சீவின கிழங்கையே திரும்பச் சீவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் தெரியும், இல்லையா" என்று ஹெஸ்டர் அவரைக் கேட்டார்.

முதல் நாளிலிருந்தே தெரியுமாம். ஒத்திகைக் கதையை எழுதியதே அவர்தான். ஒவ்வொரு தடவையும் கதையில் ஒருவன் கோட்டை விட்டாக வேண்டும். மற்றவர்கள் பெயரைப் போட்டால் அவர்களுக்கு முகம் சுண்டிவிடுகிறது என்று தன் பெயரையே போட்டுக்கொண்டாராம். அன்றைக்கு எரிக்க வேண்டிய தாளை மறந்து பையோடு வந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் மடிப்பு மாறியிருந்தது. கொண்டுபோய் எரித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகையில் பதினாறு நிமிடத்தைப் பார்த்ததும், அது தன் வீட்டுக் கதவு வழியாகத்தான் போயிருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"இது ஒத்திகைத் தாள்னு நான் வாயைத் திறந்தா, அடுத்த கேள்வி என்ன? வெளிய எப்படிப் போச்சு? ரகசியச் சட்டம்னு இவளைக் கொண்டுபோய் உள்ள வெச்சுடுவாங்க. அதைவிட நான் குடிச்சிட்டு உளறினேன்னே இருக்கட்டும்." ஹெஸ்டர் பக்கம் திரும்பினார். "விசாரணைக்கு ரிப்போர்ட் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம், அம்மா. நாங்க எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கறோம்."

டோரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சிரிச்சிருப்ப இல்ல லெஸ்? ஒத்திகை, பைத்தியம்னு சொல்லிச் சிரிச்சிருப்ப."

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் லெஸ்லி. "சிரிச்சிருப்பேன். அதுவே உனக்குப் போதுமா இருந்திருக்கும்."

யாரும் தேநீரைத் தொடவில்லை. இருபத்திநாலு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு பேர் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போய் இப்படிச் சீரழிந்து நிற்கிறார்களே என்று டட்டனுக்குத் தோன்றியது. அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

டோரீன் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தார். "கேஸ் கொடுத்தது நான். எழுதறதா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். எழுதுங்க, மிஸ் வேன். என் பேரைப் போட்டு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"டோரீன், வேண்டாம்."

"நீ தூங்கினேன்னு ஊர் சொல்றதை நான் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. எழுதுங்க."

*

திங்கட்கிழமை விசாரணை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. குழுவினர் ரெக் கொண்டுவந்த ஃபேக்ஸ் பிரதியில் இருந்த ஜனவரி தேதியைப் பார்த்தார்கள், ஒத்திகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள், ஒருவர் வாய்விட்டுச் சிரித்தே விட்டார். லெஸ்லி தூங்கவில்லை, உளறவில்லை என்று எழுதினார்கள். டோரீனையும் ரெக்கையும் எச்சரித்து அனுப்பினார்கள். கடைசியில், எரிக்க வேண்டிய ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோன குற்றத்துக்காக லெஸ்லியை வேலையிலிருந்து நீக்கினார்கள். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஹெஸ்டர் எழுந்து வாதாடினார். விதி என்றார்கள்.

மெசஞ்சர் இருபத்திரண்டாம் பக்கத்தில், நாய்க் கண்காட்சி விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரியில் வருத்தம் தெரிவித்தது. அமெரிக்க நிபுணர் அதே வாரம் இன்னொரு டி.வி.யில் ஆறு செயற்கைக்கோள் என்றார்.

ஏப்ரல் கடைசியில் வீடு காலி செய்யும் நாளில் டட்டன் ஒத்தாசைக்குப் போனான். யாரும் கூப்பிடவில்லை, போனான். லாரிக்காரர் பக்கத்து நகரத்து ஆள், அறுபது வயசிருக்கும், நல்ல மனுஷர். பீங்கான் பெட்டிகளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். லெஸ்லி மாடியில் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் மாடிப்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அந்த சேட்டிலைட் விஷயத்தில் வந்தவர் இவர்தானே என்று டட்டனைக் கேட்டார்.

டட்டன் பதில் சொல்வதற்குள் டோரீன் முன்னால் வந்தார். அவர் தூங்கவில்லை, சேட்டிலைட்டை யாரும் எடுக்கவே இல்லை, அது ஒத்திகைக்கு எழுதின தாள், அதை வெளியே கொடுத்தது நான்தான் என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பத்திரிகையிலேயே போட்டார்களே, இருபத்திரண்டாம் பக்கத்தில், என்றார்.

லாரிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் டோரீனின் தோளில் லேசாகக் கை வைத்தார்.

"விடும்மா. நானும் நைட் டூட்டி பாத்தவன்தான். யாரா இருந்தாலும் ஒரு நேரம் கண்ணு அசந்துடும்."

டோரீன் மாடிப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். மாடியில் கட்டில் கழற்றும் சத்தம் நின்றது. என்ன ஆச்சு டோரீன் என்று லெஸ்லி மேலேயிருந்து கேட்டார்.